மலை ஏறுமுன் தராசைப் பாருங்கள்

(தோட்டக் கிளையின் ஆண்டுச் சுற்றுலாவை முன்னிட்டு நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



வருகின்ற பள்ளி விடுமுறையில் நம் கிளை குடும்பத்தோடு கெந்திங் மலைக்குச் சுற்றுலா போவதென்று தீர்மானித்திருக்கிறது. இரண்டு பஸ்களுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. விடியுமுன் எழுந்து நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தோடு மல்லுக்கு நிற்கிற நாம், ஆண்டுக்கு ஒரு நாள் குளிர்ந்த மலையில் பிள்ளைகளோடு உலாவக் கூடாதா? தாராளமாக உலாவலாம். ஆனால் அந்த மலையில் கேசினோ என்னும் சூதாட்ட விடுதியும் இருக்கிறது. பெயர் கொடுத்தவர்களில் சிலர் மேகத்தைப் பார்க்கப் போகிறார்களா, மேசையைப் பார்க்கப் போகிறார்களா என்பது செயற்குழுவுக்குத் தெரியாததல்ல. (சிரிப்பு)

ஆகவே இந்தக் கூட்டம். போகக் கூடாது என்று தடுக்க நாங்கள் வரவில்லை. நம் சம்பளத்தை எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று துரைமார் சொல்ல வந்தால் எதிர்த்து நிற்கிற நாம், அதையே சங்கத்தின் பெயரால் ஒருவருக்கொருவர் சொல்லலாகாது. முஸ்லிம் தோழர்களுக்கும் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் உள்ளே அனுமதி இல்லை. மற்றவர்கள் போவதும் போகாததும் அவரவர் விருப்பம். ஆனால் போகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற சில தவறுகள் உண்டு. அவற்றால் வரும் துன்பம் போனவரோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்கும் வருகிறது, கிராணி மேசைக்கும் வருகிறது, சங்கத்துக்கும் வருகிறது. எனவே பேசித்தான் ஆக வேண்டும்.

தராசு எங்கே இருக்கிறது?

பால் நிறுக்கும் இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தராசு காட்டும் எண்ணைப் பார்க்காமல் நகருவதில்லை. கால் கிலோ குறைந்தாலும் கேட்கிறோம். கேட்பது நம் உரிமை. அதே நாம், ஒரு மாத உழைப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலைக்குப் போனால், அங்கே தராசு எங்கே என்று கேட்பதே இல்லை. முதல் தவறு இதுதான்.

கெந்திங் கேசினோவுக்கு 1969-இல் உரிமம் கிடைத்தது. அந்த ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே முதல் ஹோட்டலுக்கு அடிக்கல் நாட்டினார். 1971-இல் விடுதி திறக்கப்பட்டது. காட்டை வெட்டி மலை உச்சிக்குச் சாலை போட்ட லிம் கோ டோங் ஒரு குத்தகைக்காரர், கணக்குத் தெரிந்தவர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே விளக்கு எரிகிறது, ஊழியர்களுக்குச் சம்பளம் போகிறது, அரசாங்கத்துக்கு வரி போகிறது. இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? வென்றவர்கள் கொடுப்பதா? சிந்தித்துப் பாருங்கள்.

அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டத்தின் சட்டத்திலேயே விடுதியின் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. ரூலெட் என்னும் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணின்மேல் 10 வெள்ளி வைத்து, உருண்டை அந்த எண்ணிலேயே விழுந்தால், 350 வெள்ளி பரிசும் வைத்த 10 வெள்ளியுமாக 360 வெள்ளி கைக்கு வரும். சரி, ஒருவர் 37 எண்களிலும் பத்துப் பத்து வெள்ளி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வைத்தது 370 வெள்ளி. எந்த எண் விழுந்தாலும் திரும்பி வருவது 360 வெள்ளிதான். அந்த 10 வெள்ளி விடுதியின் பங்கு. நூற்றுக்கு 2 வெள்ளி 70 காசு. சில சக்கரங்களில் பூஜ்யம் இரண்டு உண்டு. அங்கே 380 வைத்தாலும் 360-தான் வரும். பங்கு நூற்றுக்கு 5 வெள்ளி 26 காசு ஆகிவிடும். ஒரே ஒரு பூஜ்யம் கூடியது. கழிவு ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று. எந்தச் சக்கரம் என்று பாராமல் உட்காருவது கண்ணை மூடிக்கொண்டு பாலை நிறுக்கக் கொடுப்பதற்குச் சமம்.

பாக்காரட் சீட்டாட்டத்தில் ‘பேங்கர்’ பக்கம் வைத்தால் விடுதியின் பங்கு நூற்றுக்குச் சுமார் 1 வெள்ளி 6 காசு; ‘பிளேயர்’ பக்கம் வைத்தால் சுமார் 1 வெள்ளி 24 காசு. ஆனால் இரு பக்கமும் சமமாக விழும் என்று வைப்பதற்கு ஒன்றுக்கு எட்டு பரிசு என்று போட்டிருப்பார்கள். எட்டு என்றதும் கை அங்கே போகும். அதில்தான் பங்கு நூற்றுக்கு 14 வெள்ளிக்கு மேல். பெரிய பரிசு எழுதியிருக்கும் இடத்தில் பெரிய கழிவும் இருக்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நம்பர் கடைக்குப் போகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு எண் ஆட்டத்தில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ‘பெரிய’ பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, அடுத்துப் பத்து எண்களுக்கு 180, இன்னும் பத்து எண்களுக்கு 60. கூட்டிப் பாருங்கள்: 6,400 வெள்ளி. எல்லா எண்களையும் வாங்க 10,000 வெள்ளி வேண்டும். அதாவது வெள்ளிக்கு 64 காசு திரும்புகிறது, 36 காசு கழிகிறது. கனவில் வந்த எண்ணுக்கும், கார் மோதிய எண்ணுக்கும் இதே கணக்குத்தான்.

“நூற்றுக்கு இரண்டரை, மூன்று வெள்ளிதானே, போனால் போகட்டும்” என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கழிவு வாசலில் ஒரு தடவை பிடிப்பதல்ல. ஒவ்வொரு சுற்றிலும் பிடிப்பது. ஒரு வெள்ளி போட்டு அழுத்தும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் மணிக்கு 500 தடவை அழுத்துவது கடினமல்ல. 500 வெள்ளி உள்ளே போய் வருகிறது. அந்த இயந்திரம் வெள்ளிக்குப் பத்துக் காசு வைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால், சராசரியாக மணிக்கு 50 வெள்ளி கழிவு. ஒருநாள் சிலர் வெல்லலாம், அது உண்மை. ஆனால் உட்காரும் நேரம் நீள நீள, தராசு சாய்கிற பக்கம் ஒன்றுதான்.

வேலையுள்ள பணம்

இரண்டாவது தவறு, வேறு வேலைக்கென்று இருக்கிற பணத்தை எடுத்துச் செல்வது. பள்ளி திறக்கும்போது சீருடைக்கு, புத்தகப் பைக்கு, மோட்டார் சைக்கிள் தவணைக்கு, வீட்டுத் தவணைக்கு, அம்மாவின் மருந்துக்கு என்று ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது எத்தனை ஆண்டுகள் போராடி வந்த உயர்வு என்று பேசிக்கொண்டோம். முன்பிருந்த 1,500-க்கும் அதற்கும் இடையே 200 வெள்ளி. அந்த 200 வெள்ளியை ஒரு மேசை அரை மணி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்றால், போராடியது யாருக்காக?

போனஸ் கிடைத்த வாரம், ஊழியர் சேமநிதிப் பணம் கிடைத்த வாரம், இவைதான் மிக அபாயமான வாரங்கள். 2024 மே மாதம் முதல் சேமநிதியில் மூன்றாம் கணக்கு என்று ஒன்று வந்தது. புதிதாகச் செலுத்தும் பணத்தில் நூற்றுக்குப் பத்து அதில் சேரும், தேவைப்பட்டபோது எடுக்கலாம். அவசரத்துக்கு உதவும் என்று வைத்தது அது. மேசையில் வைப்பதற்காக அல்ல. வயதாகி மரம் வெட்ட முடியாத நாளில் நமக்குச் சோறு போடப் போவது அந்தப் பணம்தான்.

அப்படியானால் எந்தப் பணத்தை எடுத்துப் போகலாம்? படம் பார்க்கப் போகிறவன் டிக்கெட்டுக் காசு திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பதில்லை. அதுபோல, வீட்டிலே கலந்து பேசி, “இது போனாலும் யாருக்கும் குறையில்லை” என்று ஒதுக்கிய தொகை மட்டும். அந்தத் தொகை 50 வெள்ளியாக இருக்கலாம், 20 வெள்ளியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒன்றுமில்லை என்றால் மலையில் காற்று இலவசம். (சிரிப்பு)

விட்டதைப் பிடிப்பது

மூன்றாவது தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது. “விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும்” என்கிற பேச்சு. சென்ற சுற்றுலாவில் மாலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் எட்டு மணிக்குப் புறப்பட்டது ஏன் என்று வந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் உள்ளேயிருந்து வரவில்லை. பிள்ளைகள் பசியோடு பஸ்ஸில் தூங்கினார்கள். மதியம் 100 வெள்ளி விட்டவர்கள், அதைப் பிடிக்கப் போய் இரவு 600 வெள்ளி விட்டு வந்தார்கள். அடுத்த மாதம் முன்பணம் கேட்டுக் கிராணி மேசைக்கு முன் நின்றது யார் என்று நாங்கள் சொல்லப் போவதில்லை. அவர்களைப் பழிக்கவும் வரவில்லை. நல்ல உழைப்பாளிகள்தான். தோற்ற பணம் இன்னும் தம்முடையது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். மேசைக்குப் போன பணம் போன பணம். அடுத்த சுற்று புதுச் சுற்று, புதுக் கழிவு.

“ஏழு தடவை கறுப்பு விழுந்துவிட்டது, இனி சிவப்புத்தான்” என்பார்கள். நாள் விட்டு நாள் வெட்டுகிற மரம் ஓய்ந்த நாளில் பாலைச் சேர்த்துக்கொள்ளும். ஆகவே நேற்று ஓய்ந்த மரம் இன்று நன்றாகக் கொடுக்கும் என்று நாம் சொல்வதில் நியாயம் உண்டு. சக்கரம் மரமல்ல. அதற்கு ஓய்வுமில்லை, நினைவுமில்லை. முன்பு என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது.

இன்னும் சிலர் ஒரு வித்தை சொல்வார்கள்: தோற்றால் இரட்டித்து வை, ஒரு தடவை வென்றால் எல்லாம் திரும்பும் என்று. கணக்குப் போடுவோம். 10, 20, 40, 80, 160, 320, 640. ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 1,270 வெள்ளி. குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் முக்கால் பங்கு. எட்டாவது தடவைக்கு 1,280 வெள்ளி வேண்டும். அது கையில் இராது. இருந்தாலும், மேசையில் இவ்வளவுக்கு மேல் வைக்கக் கூடாது என்று எழுதிய வரம்பு குறுக்கே நிற்கலாம். இத்தனைக்கும் வென்றால் கிடைக்கும் இலாபம் எவ்வளவு? முதலில் வைத்த அந்தப் 10 வெள்ளி! ஏழு தடவை தொடர்ந்து தோற்பது அபூர்வம் என்று எண்ண வேண்டாம். ஒரு பூஜ்யச் சக்கரத்தில், இந்த வித்தையைச் சுமார் 106 தடவை தொடங்கினால் ஒரு தடவை அப்படி நேரும். பத்துப் பத்தாகச் சேர்த்த அத்தனையையும் அந்த ஒரு தடவை வாரிக்கொண்டு போய்விடும்.

வென்றவர்களுக்கும் ஒரு சொல். பாரதக் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தருமர் நாடு நகரம் தோற்றார், தம்பியரைத் தோற்றார், மனைவியையும் பந்தயம் வைத்தார் என்று சொல்கிறோம். ஆனால் அந்தத் தோல்விக்குப் பின் திருதராட்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்ததை அநேகர் மறந்துவிடுகிறார்கள். எல்லாம் கைக்கு வந்த பிறகு மறுபடி அழைத்தார்கள், மறுபடி உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு மறைந்த வாழ்வும். வென்ற பணத்தோடு எழுந்து வராதவன் வென்றவனல்ல. பணத்தைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்தவன்தான்.

கடன் வாங்கி ஆடுவது

நான்காவது தவறு கடன். அடகுக் கடைக்குப் போகும் நகை, நண்பனிடம் வாங்கும் கைமாற்று, கடைசியில் ஆலோங். 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி உரிமம் பெற்றவர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18-க்கு மேலும், ஈடுள்ள கடனுக்கு 12-க்கு மேலும் வட்டி வாங்கக் கூடாது. ஆலோங் வாரத்துக்கு நூற்றுக்கு 10 என்று கேட்டால் ஆண்டுக்கு அது 520 ஆகிறது. 18 எங்கே, 520 எங்கே! ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் அவனிடம் கொடுத்துவிட்டால் சம்பள நாளில் நமக்கு முன்னே அவன் போய் நிற்பான். எந்த நிலையிலும் அட்டையைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் மறைக்காமல் செயற்குழுவிடம் வாருங்கள். மிரட்டல் குற்றம்; போலீசில் புகார் எழுத நாங்கள் துணை வருவோம்.

ஐந்தாவது, “இலவசம்” என்ற சொல்லுக்கு மயங்குவது. உறுப்பினர் அட்டையில் புள்ளி சேர்ந்தால் சாப்பாடு, அறை என்று கிடைப்பதுண்டு. நாம் எவ்வளவு வைத்து ஆடினோம் என்பதைக் கொண்டுதான் அந்தப் புள்ளி சேருகிறது. ஒரு தட்டுச் சோற்றுக்காக இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அந்தச் சோற்றின் விலை என்ன? உள்ளே பகலும் தெரியாது, இரவும் தெரியாது. ஆகவே கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போங்கள். குடித்துவிட்டு உட்காராதீர்கள். பிள்ளைகளை வெளியே தனியே விட்டுவிட்டு நுழையாதீர்கள்.

ஜொகூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே 2010-இல் இரண்டு கேசினோக்கள் திறக்கப்பட்டன. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நுழைவதற்கே ஒரு நாளுக்கு 100 சிங்கப்பூர் வெள்ளி என்று வைத்தார்கள். 2019-இல் அதை 150 ஆக்கினார்கள். தன் மக்கள் எளிதில் நுழையலாகாது என்று ஓர் அரசாங்கமே வாசலில் வேலி போட்டது. வெளிநாட்டாருக்கு அந்தக் கட்டணம் இல்லை. அதைச் சலுகை என்று எண்ணி மகிழ வேண்டாம். நமக்கு வேலி இல்லை என்பதே அதன் பொருள். தன்னை உள்ளே விடாதே என்று தானே எழுதிக் கொடுக்கும் முறையும், குடும்பத்தார் விண்ணப்பித்துத் தடை வாங்கும் முறையும் அங்கே உண்டு. வேலியை நாமே போட்டுக்கொள்வதில் வெட்கமில்லை.

மலைக்குப் போகாமலே லயத்து வீட்டுத் திண்ணையில் கைத்தொலைபேசியில் ஆடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இந்த நாட்டில் உரிமம் பெற்ற கேசினோ கெந்திங் மலையில் உள்ளது மட்டுமே. தொலைபேசியில் வருவது எந்த நாட்டவன் வைத்த தராசு என்றுகூட நமக்குத் தெரியாது. வென்றாலும் போய்க் கேட்க ஒரு வாசல் இல்லை. அதற்கு மூடும் நேரமும் இல்லை, இறங்கி வரும் பஸ்ஸும் இல்லை. அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

கடைசித் தவறு, மறைப்பது. தோற்றதை மனைவியிடம் மறைப்பவர், மறைத்ததை நிரப்ப மீண்டும் போகிறார். தாய்மார்களிலும் அப்படி உண்டு. ஆண்களை மட்டும் சொல்லவில்லை. மனம் அதிலிருந்து மீளவில்லை என்றால் அதை நோயாகக் கருதி உதவி தேட வேண்டும். மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்கலாம். பேசி மனச்சுமையை இறக்க பிஃப்ரெண்டர்ஸ் போன்ற தொண்டு அமைப்புகள் உண்டு.

கிளையின் ஏற்பாடு

ஆகவே செயற்குழு சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. காலை பத்து மணிக்கு மலையில் இறங்குகிறோம். மதியம் ஒரு மணிக்கு எல்லாரும் ஒன்றாகச் சாப்பாடு, தலை எண்ணப்படும். கேசினோவுக்குப் போகிறவர்கள் அதற்குப் பிறகு போகலாம். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும், தனியே அல்ல. ஒதுக்கிய தொகை மட்டும் கையில். அட்டையும் மிச்சப் பணமும் குடும்பத்தாரிடம். மாலை ஐந்து மணிக்குப் பஸ் புறப்படும். இம்முறை காத்திராது. (கைதட்டல்)

தோழர்களே! 1960-இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம் மக்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், 100 வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டுங்கள் என்று கேட்டார். நம் பாட்டன் பாட்டிமார் பாதி நம்பிக்கையோடும் பாதி பயத்தோடும் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தார்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் எழுந்தது; தோட்டங்களை வாங்கியது. அவர்களும் கையிலிருந்ததை ஒன்றின்மேல் வைத்தவர்கள்தான். ஆனால் எதன்மேல் வைக்கிறோம், பங்கு யாருக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்தார்கள்.

பத்து வெள்ளியின் மதிப்பு நமக்குத் தெரியும். எத்தனை மரம் வெட்டினால் பத்து வெள்ளி என்று சொல்லக்கூடியவர்கள் நாம். மலைக்குப் போங்கள், குளிரை அனுபவியுங்கள், பிள்ளைகளைச் சிரிக்க வையுங்கள். எந்த மேசையின் முன் நின்றாலும், பால் நிறுக்கும்போது கேட்கிற அதே கேள்வியைக் கேளுங்கள்: தராசு என்ன காட்டுகிறது?